சாக்ரடீஸ் கேட்ட கேள்விகள்

(சேத்தூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சேத்தூர் ஜமீன் புலவர்களை ஆதரித்த ஜமீன். பக்கத்து முகவூரில் தோன்றிய கவிராயர் குடும்பத்தார் இந்த அரண்மனையோடு நெருங்கியிருந்தவர்கள். அக்குடும்பத்தில் வந்த மு.ரா. கந்தசாமிக் கவிராயர் மதுரையிலிருந்து 'விவேகபாநு' என்ற இதழை நடத்தினார். பாட்டும் வாதமும் பழகிய மண் என்பதால், இன்றைய பேச்சுக்கு ஒரு வாதக்காரரையே பொருளாக எடுத்துக்கொண்டேன். கி.மு. 399-இல், தம் 70-ஆவது வயதில், ஏதென்ஸ் நகர மக்களால் நஞ்சு கொடுத்துக் கொல்லப்பட்ட சாக்ரடீஸ்தான் அவர்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக சாக்ரடீஸ் நமக்குப் பழக்கமானவர். ஆனால் அவர் எப்படிச் செத்தார் என்பதை மனப்பாடம் செய்த நாம், அவர் எப்படிக் கேட்டார் என்பதைக் கற்றுக்கொள்ளவில்லை. அதை இனியாவது கற்றுக்கொள்ள வேண்டும்.

இங்கே ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு சாக்ரடீஸ் என்றதும் சிவாஜி கணேசன் முகம்தான் நினைவுக்கு வரும். 1956-இல் ஏ. பீம்சிங் இயக்கத்தில் வந்த 'ராஜா ராணி' படத்தில், கதைக்குள் வரும் நாடகமாக அந்தக் காட்சி அமைந்தது. வசனம் மு. கருணாநிதி. அதை மனப்பாடமாகச் சொல்லாத பள்ளி ஆண்டுவிழா ஒரு காலத்தில் இந்தப் பக்கத்தில் கிடையாது. வேட்டியை அங்கியாகச் சுற்றிக்கொண்டு, பித்தளைக் கிண்ணத்தை நஞ்சுக் கோப்பையாக ஏந்தி, எத்தனையோ பையன்கள் மேடையில் முழங்கியிருக்கிறார்கள். டெல்பிக் கோயிலில் பொறித்திருந்த 'உன்னையே நீ அறிவாய்' என்ற வாசகம் நம் ஊர்ச் சுவர்களில் ஏறியதற்கும் அந்த மேடைகளே காரணம். இதைக் குறைவாக நினைப்பவன் அல்ல நான். படிப்பு எட்டாத வீடுகளுக்கும் ஒரு கிரேக்கச் சிந்தனையாளரைக் கொண்டுபோய்ச் சேர்த்த பெருமை அந்த வசனத்துக்கு உண்டு.

ஆனால் பிளேட்டோ எழுதிய உரையாடல்களைத் திறந்தால் வேறொரு மனிதர் நிற்கிறார். 'புரோட்டகோரஸ்' என்ற உரையாடலில் புகழ்பெற்ற பேச்சாளர் ஒருவர் நீளமாகப் பேசுகிறார், கூட்டம் ஆரவாரம் செய்கிறது. சாக்ரடீஸ் குறுக்கிட்டு, எனக்கு மறதி அதிகம், நீளமாகப் பேசினால் எதைப் பற்றிய பேச்சு என்பதே மறந்துவிடும், சின்னச் சின்னதாகப் பதில் சொல்லுங்கள் என்கிறார். அப்படி முடியாதென்றால் நான் கிளம்புகிறேன் என்று எழுந்தும்விடுகிறார். நீண்ட சொற்பொழிவை நம்பாத மனிதரை நாம் சொற்பொழிவாளராகவே மேடையேற்றிவிட்டோம். நீதிமன்றத்தில் அவர் நீளமாகப் பேசியது உண்மைதான். அது வாழ்நாளில் ஒரு நாள், சட்டம் கேட்டதால் பேசியது. மற்ற நாளெல்லாம் சந்தையிலும் உடற்பயிற்சிக் கூடத்திலும் எதிரில் வந்தவரிடம் கேள்வி கேட்டே கழித்தார். அவர் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. நமக்குத் தெரிவதெல்லாம் பிளேட்டோ, செனபோன் போன்றவர்கள் எழுதியது.

சாக்ரடீஸ் தமிழர் வாழ்வோடு உரசிய வழிகளில் திரைப்படம் பிந்தியது. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே தென்னாப்பிரிக்காவில் ஒரு தொடக்கம் நடந்தது. 1908 ஜனவரியில் காந்தி ஜோகன்னஸ்பர்க் சிறையில் இருந்தார். அங்கிருந்து டிரான்ஸ்வால் அரசின் அமைச்சர் ஸ்மட்ஸுக்குப் போன சமரசக் கடிதத்தில் அவரோடு கையெழுத்திட்ட இருவரில் ஒருவர் தமிழர் தலைவர் தம்பி நாயுடு. விடுதலையானபின் அந்த ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில், சாக்ரடீஸின் நீதிமன்ற உரையைக் காந்தி குஜராத்தியில் சுருக்கி, 'ஒரு சத்திய வீரனின் கதை' என்ற தலைப்பில் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் தொடராக வெளியிட்டார். 1903-இல் தமிழ் உள்பட நான்கு மொழிகளில் தொடங்கிய இதழ் அது. தென்னாப்பிரிக்க இந்தியர்களின் சத்தியாகிரகப் போராட்டத்தில் சிறைக்குப் போய் 1909-இல் இறந்த நாகப்பனும், 1914 பிப்ரவரி 22-இல் பதினாறு வயதில் இறந்த வள்ளியம்மையும் சாக்ரடீஸ் பெயரைக் கேள்விப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. அவர்கள் நடந்த பாதைக்கு ஒரு முன்னோடியைத் தேடியபோது காந்தியின் கண்ணில் பட்டவர் அந்த ஏதென்ஸ் கிழவர். 1910 மார்ச்சில் பம்பாய் அரசு காந்தியின் 'ஹிந்த் ஸ்வராஜ்' நூலோடு, சிறு நூலாகவும் வந்த இந்தக் கதையையும் தடை செய்தது. செத்து 2300 ஆண்டுகள் ஆன பிறகும் ஓர் அரசு அந்த மனிதரைக் கண்டு அஞ்சியிருக்கிறது!

காந்தி வழி நின்ற ராஜாஜி 'சோக்ரதர்' என்று தமிழில் ஒரு நூல் எழுதினார். காந்தியின் செல்வாக்கு இந்த வட்டாரத்தில் எவ்வளவு ஆழமானது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா ஊருக்கே கொடுத்துவிட்ட வீட்டில்தான் இராஜபாளையம் காந்தி கலை மன்றம் நடக்கிறது. சாக்ரடீஸைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்களில் அடுத்தவர் வெ. சாமிநாத சர்மா. திரு.வி.க.வோடு 'தேசபக்தன்', 'நவசக்தி' இதழ்களில் உழைத்தவர், ரங்கூனில் 'ஜோதி' இதழை நடத்தியவர், 1942-இல் ஜப்பானியர் படையெடுப்பின்போது பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர். பிளேட்டோவின் பெருநூலை 'பிளேட்டோவின் அரசியல்' என்று தமிழாக்கித் தந்த அந்த மனிதருக்கு நாம் செலுத்திய மரியாதை போதாது. நீதி என்பது வலியவனுக்கு ஆதாயமானது என்று ஒருவன் அடித்துப் பேசுவதும், சாக்ரடீஸ் அவனைக் கேள்வியாலேயே மடக்குவதும் அந்நூலின் முதல் பகுதி. அதை மட்டுமாவது ஒவ்வொரு கல்லூரி மாணவரும் தமிழில் படித்துவிட வேண்டும்.

பெரியாருக்கு வழங்கிய அடைமொழிகளில் 'தென்கிழக்கு ஆசியாவின் சாக்ரடீஸ்' என்பதும் ஒன்று. அவர் கூட்டங்களில் நான் மதிப்பது ஒரு வழக்கத்தை. எதிர்க்கருத்து உள்ளவர்கள் துண்டுச்சீட்டில் எழுதி அனுப்பலாம், மேடையிலேயே பதில் வரும். நான் சொல்வதாலேயே நம்பிவிடாதீர்கள், உங்கள் அறிவில் போட்டுப் பாருங்கள் என்பதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். சாக்ரடீஸின் முறைக்கு நம் பொதுவாழ்வு மிக அருகில் வந்த இடம் அதுதான். இன்றைய மேடைகளில் துண்டுச்சீட்டு வருகிறது. 'நேரமாகிவிட்டது, முடித்துக்கொள்ளவும்' என்று எழுதி வருகிறது.

ஆக, விடுதலைப் போராட்டம் அவரைச் சத்திய வீரராக எடுத்துக்கொண்டது, பகுத்தறிவு இயக்கம் மூடநம்பிக்கையின் எதிரியாக எடுத்துக்கொண்டது. இரண்டும் அவரிடம் இருந்தவைதான், அந்தந்தக் காலத்துக்குத் தேவைப்பட்டவைதான். எஞ்சி நிற்பது அவருடைய தொழில். அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். மாணவர்கள் நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

'மெனோ' என்ற உரையாடல். மெனோ ஒரு பணக்கார இளைஞன், கூடவே வேலைக்காரர் கூட்டம். அதில் ஓர் அடிமைப் பையனை அழைக்கச் சொல்கிறார் சாக்ரடீஸ். வடிவக்கணக்கை யாரிடமும் கற்காதவன். தரையில் ஒரு சதுரம் வரைகிறார். பக்கம் இரண்டடி. பரப்பு எவ்வளவு? நான்கு சதுர அடி என்று பையன் சொல்லிவிடுகிறான். இதைப்போல இரண்டு மடங்கு பரப்புள்ள சதுரம் வேண்டும், அதாவது எட்டு. அதன் பக்கம் எவ்வளவு இருக்கும்? பையன் தயங்கவே இல்லை. பக்கத்தையும் இரண்டு மடங்காக்க வேண்டும், நான்கடி என்கிறான்.

நம் வகுப்பாக இருந்தால் இந்த இடத்தில் என்ன நடக்கும்? 'தப்பு, உட்கார்' என்று ஒரு குரல் வரும். சாக்ரடீஸ் நான்கடிச் சதுரத்தை வரைந்து காட்டி எண்ணச் சொல்கிறார். உள்ளே பழைய சதுரம் நான்கு முறை அடங்குகிறது, பரப்பு 16. தன் விடை தவறு என்பதைப் பையனே பார்த்துவிடுகிறான். சரி, இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில் மூன்றடி என்கிறான். மும்மூன்று ஒன்பது. அதுவும் இல்லை. எண்ணால் சொல்ல வரவில்லை என்றால் எந்தக் கோடு என்று காட்டு என்கிறார் சாக்ரடீஸ். பையன் சத்தியம் செய்து சொல்கிறான், எனக்குத் தெரியவில்லை என்று.

உரையாடலின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. சாக்ரடீஸ் மெனோவின் பக்கம் திரும்பிக் கேட்கிறார்: சற்று முன்பு தெரியாததைத் தெரியும் என்று நினைத்திருந்தான், இப்போது தெரியாது என்று தெரிந்துகொண்டான், இதனால் அவனுக்கு நட்டமா, ஆதாயமா? ஆதாயம்தான் என்று மெனோ ஒப்புக்கொள்கிறான். தனக்குத் தெரியாது என்பதை அறிந்த பிறகே அவனுக்குத் தேடும் ஆசை வருகிறது. பிறகு வேலை சுலபம். நான்கடிச் சதுரத்துக்குள் நான்கு சிறு சதுரங்கள் இருக்கின்றன அல்லவா? ஒவ்வொன்றின் குறுக்கேயும் மூலைவிட்டம் போடுங்கள், நான்கு கோடுகளும் ஒன்றையொன்று தொட்டு நடுவில் ஒரு சாய்ந்த சதுரமாக நிற்கட்டும். ஒவ்வொரு சிறு சதுரத்திலும் பாதி, அதாவது இரண்டு, உள்ளே விழுகிறது. நாலிரண்டு எட்டு. தேடிய சதுரம் அதுதான், அதன் பக்கம் பழைய சதுரத்தின் மூலைவிட்டம். வாசலில் கோலம் போடும் எந்தப் பெண்ணும் இதை ஒரு நிமிடத்தில் வரைந்துவிடுவார்.

கணக்கைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பையன் யார் என்பது. உரையாடலில் அவனுக்குப் பெயர்கூட இல்லை. அவனை அடிமையாக வைத்திருப்பவன் முன்னால், அவனுக்கும் அதே அறிவு இருக்கிறது என்று நிரூபணமாகிறது. எழுத்து இன்னாருக்குத்தான், கேள்வி கேட்கும் உரிமை இன்னாருக்குத்தான் என்று நெடுங்காலம் வகுத்து வைத்திருந்த நாட்டில் பிறந்தவர்கள் நாம். அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது நமக்கு உடம்பு சிலிர்க்க வேண்டும். சாக்ரடீஸ் அடிமை முறையை எதிர்த்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்குச் சான்று இல்லை. பையன் கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டு மறுபடியும் அடிமையாகவே போனான். அது சாக்ரடீஸிடம் இருந்த குறை. அவருடைய முறை அவரையும் தாண்டிப் போகக்கூடியது என்பதற்கு இதுவே அடையாளம்.

இங்குள்ள பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டால் வினா எத்தனை வகை என்று உடனே சொல்வார்கள். ஆறு. அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்து வைத்தது. தனக்கு விடை தெரிந்தே மாணவனிடம் ஆசிரியர் கேட்பது அறிவினா. விடை தெரியாததால் மாணவன் ஆசிரியரிடம் கேட்பது அறியா வினா. கிடப்பது பாம்பா, கயிறா என்பது ஐய வினா. கடையில் போய்த் துவரம்பருப்பு இருக்கிறதா என்பது கொளல் வினா. கொடுக்கும் எண்ணத்தோடு உனக்குக் குடை இருக்கிறதா என்பது கொடை வினா. வேலை வாங்குவதற்காகக் கேட்பது ஏவல் வினா.

இந்த ஆறில் சாக்ரடீஸ் எங்கே நிற்கிறார்? மெனோவின் பையனிடம் கேட்டது அறிவினா, மூலைவிட்டம்தான் விடை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் 'லாக்கஸ்' உரையாடலில் இரண்டு படைத்தலைவர்களிடம் வீரம் என்றால் என்ன என்று கேட்கிறாரே, அது அறியா வினா. நின்ற இடத்தைவிட்டு ஓடாமல் போரிடுவதே வீரம் என்கிறார் ஒரு தளபதி. பின்வாங்கிக்கொண்டே வெல்லும் படைகள் உண்டே, அவர்கள் கோழைகளா என்று கேட்கிறார் சாக்ரடீஸ். அவரும் போர்முனை கண்ட சிப்பாய்தான். தளபதிகள் மாற்றி மாற்றி விளக்கம் தருகிறார்கள், ஒன்றும் நிற்கவில்லை. கடைசியில், நாம் எல்லாருமே இந்த வயதிலும் ஆசிரியரைத் தேட வேண்டியவர்கள்தான் என்று கலைகிறார்கள். அவருடைய எதிரிகள் வைத்த பழியே, தெரிந்துகொண்டே தெரியாதவர்போல் நடிக்கிறார் என்பதுதான். அறிவினாவை அறியா வினாவாக வேடம் போட்டுக் கேட்கிறார் என்று நன்னூல் மொழியில் சொல்லலாம். நான் அதை ஏற்கவில்லை. நடிப்பதற்காக ஒருவன் உயிரைக் கொடுக்க மாட்டான்.

மாணவன் கேட்பதும், கேட்டதற்கு விடை சொல்வதும் கடமை, அவற்றால் அறியாமை போகும் என்று அதே நன்னூல் சொல்கிறது. நம்மிடம் இல்லாத சரக்கை நான் கிரேக்கத்திலிருந்து இறக்குமதி செய்யவில்லை. இறைவனே எழுதினாலும் பாட்டில் பிழை இருந்தால் பிழைதான் என்று நின்ற நக்கீரர் கதை நம்முடையது. ஊர் ஊராகப் போய்ச் சமயத் தலைவர்களை வாதுக்கு அழைக்கும் ஒரு பெண்ணை நாயகியாக வைத்து எழுந்த 'நீலகேசி' நம்முடையது. பல சமயத்தாரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டறியும் மணிமேகலை நம்முடையவள். சாக்ரடீஸே, காதலைப் பற்றித் தமக்குக் கற்பித்தவர் டையோட்டிமா என்ற பெண் என்கிறார். இத்தனையும் இருந்தும் நம் வீடுகளில் கேள்வி கேட்கும் பெண்பிள்ளைக்கு 'வாயாடி' என்றுதான் பெயர்.

பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பெரியாழ்வார் மதுரைக்குப் போய், பாண்டியன் அவையில் பரம்பொருளை நிறுவிப் பொற்கிழியை வென்ற வரலாற்றை வைணவர்கள் பக்தியோடு சொல்வார்கள். நம் மரபில் வாதத்துக்குப் பரிசு உண்டு, வெற்றி தோல்வி உண்டு. அதன் இன்றைய வாரிசு பட்டிமன்றம். குன்றக்குடி அடிகளார் போன்றவர்கள் அதை மக்கள் கலையாக வளர்த்தார்கள், அதில் நல்ல தமிழ் வாழ்ந்தது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். பட்டிமன்றத்தில் யார் எந்த அணி என்பது முன்கூட்டியே முடிவாகிறது. நடுவில் எதிரணியின் வாதத்தைக் கேட்டு, 'நீங்கள் சொல்வது சரிதான், என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்' என்று யாரும் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தால் நிகழ்ச்சி கெட்டுவிடும். தொலைக்காட்சி விவாதங்களிலும் இதே கதைதான். சாக்ரடீஸ் தோற்பதைப் பரிசு என்கிறார். என் தவறை ஒருவர் எடுத்துக் காட்டினால் ஒரு பெருங்கேட்டிலிருந்து என்னை விடுவித்தவர் ஆகிறார், அவருக்கு நான் கடன்பட்டவன் என்பது அவர் நிலை. இந்த ஒரு மனநிலை தமிழ்ப் பொதுவாழ்வில் வந்துவிட்டால் பாதி வழக்குகள் தீர்ந்துவிடும்.

கேட்பது லேசான காரியமல்ல. சாக்ரடீஸை விசாரித்த, சுமார் ஐந்நூறு நடுவர்கள் இருந்த மன்றத்தில், முப்பது பேர் மட்டும் மாற்றி வாக்களித்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று பிளேட்டோவின் நூலிலிருந்து தெரிகிறது. கொன்றது மன்னன் அல்ல, மக்களாட்சி. அதே சாக்ரடீஸ் கி.மு. 406-இல், படைத்தலைவர்களைச் சட்டத்துக்கு மாறாக ஒட்டுமொத்தமாக விசாரிக்க மக்கள் சபை வெறிகொண்டு நின்றபோது, தனியாளாக மறுத்தவர். பின்பு ஏதென்ஸை ஆண்ட முப்பது கொடுங்கோலர்கள் ஒரு நிரபராதியைப் பிடித்துவரச் சொன்னபோது பேசாமல் வீட்டுக்குப் போனவர். கூட்டத்துக்கும் அஞ்சவில்லை, கொடுங்கோலர்க்கும் அஞ்சவில்லை.

நம் நாட்டில் இன்று கேட்பதற்குச் சட்டமே துணை நிற்கிறது. ஆராய்ந்து கேட்கும் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் அடிப்படைக் கடமை என்று 1976-இல் அரசமைப்பில் சேர்த்தார்கள். தகவல் பெறும் உரிமைக்கு 1997-லேயே சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. நாடு முழுவதற்குமான சட்டம் 2005-இல் வந்தது. அரசு அலுவலகத்தைப் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஆனால் வீட்டில் அப்பாவிடம் கேட்க முடிகிறதா? வகுப்பில்? 'எதிர்த்துப் பேசாதே', 'அதிகப்பிரசங்கி', 'பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்ற வாக்கியங்களில் வளர்ந்த பிள்ளைக்கு நாற்பது வயதில் மனு எழுதவும் கை நடுங்குகிறது. பல ஆண்டுகள் தமிழ் கற்பித்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஆறாம் வகுப்பில் கை தூக்கும் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் தூக்குவதில்லை. அறிவு குறைந்து அல்ல. இடையில் யாரோ சிரித்திருப்பார்கள், யாரோ அதட்டியிருப்பார்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு பாடவேளை, உங்களுக்கும் விடை தெரியாத ஒரு கேள்வியோடு வகுப்புக்குப் போங்கள். நேர்மை என்றால் என்ன, நட்பு என்றால் என்ன, ஊருக்கு நல்லது என்பதை யார் முடிவு செய்வது என்று எதுவானாலும் சரி. பிள்ளை தவறாகச் சொன்னால் திருத்தாதீர்கள், அடுத்த கேள்வியைக் கேளுங்கள். 'எனக்கும் தெரியவில்லை' என்று ஆசிரியர் வாயால் கேட்பது ஒரு மாணவனுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பது கேட்ட பிறகுதான் தெரியும்.

அறக்கட்டளை நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தச் சொற்பொழிவின் விதியை மாற்றுங்கள். அடுத்த ஆண்டு யார் வந்தாலும் பாதி நேரம் பேசட்டும், மீதிப் பாதி அவை கேட்கட்டும். அதில் முதல் பத்துக் கேள்விகள் சேத்தூர், முகவூர், தேவதானம் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்குங்கள். கேள்வியும் பதிலும் சேர்ந்தே புத்தகமாக அச்சாகட்டும்.

அதை இன்றைக்கே தொடங்கிவிடலாம் என்று அவைத்தலைவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். நான் பேச வந்தது முடிந்தது. ஒலிவாங்கி முன்வரிசைக்கு வருகிறது, முதல் கேள்வியை மாணவர்களில் ஒருவர் கேளுங்கள்.